வெள்ளம் வடிந்த வீட்டுக்காரர்களுக்கு

வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியவை என்று ஒரு நோட்டீஸ் உண்டு. ஒன்பது விதிகள். ஸ்ரீரங்கத்தில் இன்றைக்கும் ஆற்றில் தண்ணீர் ஏறினால் அதைத்தான் அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். எழுதினவன் நான். இருபத்து நாலாம் வருஷத்து வெள்ளத்தின்போது இந்த ஊருக்கு நான்தான் சானிடரி இன்ஸ்பெக்டர். சாரங்கபாணி என்றால் யார் என்று கேட்பார்கள். சுண்ணாம்பு ஐயங்கார் என்றால் வழி காட்டுவார்கள். போகிற சந்தில் எல்லாம் சாக்கடையில் சுண்ணாம்புத் தூள் போடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவேன், அதனால் வந்த பட்டம். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையால்தான் கெட்டுப் போனேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள், எனக்கும் சௌகரியமாக இருக்கும். ஆனால் நடந்தது அது இல்லை.

வெள்ளத்துக்கு ஐந்து வருஷம் முன்னால் ஒரே வாரத்தில் வாந்திபேதிக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்திருந்தேன். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. மிஞ்சியது நடுவில் பிறந்த வைஜயந்தி மட்டும். அந்த வாரத்திலிருந்து எனக்குத் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்தது. எங்கள் வீட்டில் காய்ச்சாத தண்ணீர் ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால்கூடக் கூஜாவில் வெந்நீர் கொண்டுபோவேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள். இந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட வேண்டும். அதற்குமேல் பெருமாளிடம் எனக்கு வேண்டுதல் எதுவும் இருக்கவில்லை.

ஆடி பிறந்த இரண்டாம் நாள் காவேரி கரையை மீறியது. எங்கள் சந்து அம்மா மண்டபத்துக்குப் பக்கம், ஆற்றுக்கு முதல் பந்தி. அரைமணியில் கூடத்தில் முழங்கால், அடுத்த அரைமணியில் இடுப்பு. பெருமாள் எழுந்தருளியிருக்கும் சின்ன மரப்பெட்டி எங்கள் வீடுகளில் கோயிலாழ்வார் எனப்படும். உள்ளே அப்பா காலத்துச் சாளக்கிராமங்கள் மூன்று. அதை நான் தலையில் வைத்துக்கொண்டேன். என் மனைவி அரவிந்தவல்லி வைஜயந்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பத்து வயதுப் பெண், கால் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு வந்தது. கோயில் மண்டபத்தில் எட்டு நாள் கிடந்தோம். அங்கே உட்கார்ந்துதான் அந்த ஒன்பது விதிகளையும் எழுதினேன். என்னைச் சுற்றி ஊரே அழுதுகொண்டிருந்தது. நான் பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருந்தேன்.

விதிகளில் தப்பு ஒன்றும் இல்லை. இப்போது படித்தாலும் ஒரு எழுத்து மாற்றத் தோன்றாது. வீட்டுக்குள் நுழையுமுன் சுவரின் அடியைக் கழியால் தட்டிப் பார். பொத்தென்று சத்தம் வந்தால் அந்தச் சுவரை நம்பாதே. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வை. சேற்றை வாரி எறி, தண்ணீர் விட்டுக் கரைக்காதே. நனைந்த அரிசியைப் பார்த்துப் பரிதாபப்படாதே, புதைத்துவிடு. செத்த பிராணிகளைக் கையால் தொடாதே. கிணற்றை இறைத்து, மருந்து போட்டு, ஒரு நாள் விட்டு, அப்புறமும் காய்ச்சித்தான் குடி. இப்படியே போகும். தமுக்கு அடித்து வாசித்தபோது ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

எட்டாம் நாள் சந்துக்குள் போனோம். என் வீட்டுக் கூடத்தில் கணுக்காலுக்குமேல் வண்டல். சுவரில் ஆள் நெஞ்சு உயரத்துக்குக் கோடு போட்டதுபோல் அழுக்கு. குதிரில் இருந்த நெல் முளைவிட்டு, வீடு முழுக்கப் புளித்த நாற்றம். கொல்லையில் ஒரு கன்றுக்குட்டி மாதுளைச் செடியில் மாட்டிக்கொண்டு ஊதிக் கிடந்தது. அரவிந்தவல்லி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. நோட்டீஸை மடியிலிருந்து எடுத்து வரிசைப்படி வேலையை ஆரம்பித்தேன்.

எனக்கு அற்புதசாமி என்று ஒரு மேஸ்திரி. வரகனேரிப் பக்கத்து ஆள், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், பேச்சு குறைவு. கிணறுகளுக்கு மருந்து போடுவது அவர் வேலை. ஒரு வாளித் தண்ணீரில் கருநீல உப்பைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றுவார். தண்ணீர் கத்திரிப்பூ நிறமாகிவிடும். மறுநாள் காலையிலும் அந்த நிறம் லேசாகத் தெரிந்தால் கிணறு சுத்தம். சந்தில் முதல் கிணறாக என் வீட்டுக் கிணற்றுக்குத்தான் போடச் சொன்னேன். மற்றவர்கள் பார்த்துத் தைரியம் கொள்ளட்டும் என்று.

அரவிந்தவல்லி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஜலத்தையா பெருமாளுக்குச் சேர்க்கறது?"

"நமக்கு இது போதும். பெருமாளுக்கு நான் காவேரியிலேருந்து கொண்டு வரேன்" என்றேன்.

அவள் கேட்டதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம். எங்கள் சந்தில் எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் இதே கேள்வியும் இதே பதிலும்தான். பெருமாளுக்கு ஜலம் வைக்கிற சொம்புக்கே எங்கள் வீடுகளில் திருக்காவேரி என்று பெயர். மருந்து கரைத்த ஜலத்தை அதில் விடுவது எப்படி? மறுநாள் விடியற்காலையிலிருந்து நான் குளித்துவிட்டு, ஈர வேஷ்டியோடு ஒரு குடம் காவேரி ஜலம் எடுத்து வர ஆரம்பித்தேன். ஆறு அப்போதும் செம்மண் கலங்கலாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜீயபுரத்துக்கு மேற்கேயிருந்து வாழை மரங்களும் கூரைகளும் செத்த மாடுகளும் மிதந்து வந்துகொண்டிருந்தன. அந்த மாடுகளை எண்ணி ரிப்போர்ட் எழுதியவனும் நான்தான்.

இரண்டாம் நாள் படித்துறையில் அற்புதசாமி எதிரே வந்தார். கையில் மருந்து வாளி. குடத்தைப் பார்த்தார்.

"சாமி, இந்தத் தண்ணியுமா வீட்டுக்கு?"

"இது குடிக்கறதுக்கு இல்லே, அற்புதசாமி. பெருமாளுக்கு."

அவர் சரிங்க என்று ஒதுங்கி வழி விட்டார். அவர் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

வீட்டில் இன்னொரு கஷ்டம். விறகெல்லாம் நனைந்திருந்ததால் அடுப்பு எரியாமல் புகைந்தது. காய்ச்சின தண்ணீரில் புகை நாற்றம், மருந்தின் துவர்ப்பு வேறு. வைஜயந்தி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள்.

"வேண்டாம்ப்பா. குமட்டறது."

"மூக்கைப் பிடிச்சுண்டு குடி."

மூன்றாம் நாள் அவள் அடுத்த வீட்டுச் சக்ரபாணியின் சமையலறையில் பானைத் தண்ணீர் மொண்டு குடித்தது எனக்குத் தெரிந்துவிட்டது. சக்ரபாணி பள்ளிக்கூட வாத்தியார், எனக்குப் பால்யத்திலிருந்து சிநேகிதர். அவர் வீட்டுக் கூடத்திலேயே, அவர் குழந்தைகள் பார்க்க, நான் அவள் கையில் ஓங்கி அடித்தேன். ஐந்து விரலும் பதிந்தது. நான் அவளை அடித்தது அது ஒரு தடவைதான். அவள் அழாமல் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு வெளியில் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. வெந்நீரும் அதிகம் குடிக்கவில்லை. ஆடி மாசத்து வெயில், சேறு காய்ந்து புழுதி பறந்தது, குழந்தை உதடு வெடித்துத் தாகத்தோடு திரிந்தது. எனக்கு அது தெரிந்தே இருந்தது.

காலையில் பெருமாளுக்குப் பூஜை, திருவாராதனம் முடிந்ததும் நான் எல்லோருக்கும் தீர்த்தம் கொடுப்பேன். சின்னக் கரண்டியால் மூன்று தடவை உள்ளங்கையில். ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் துளசியும் ஊறின ஜலம், வெள்ளி வட்டிலில் ஜில்லென்று இருக்கும். வட்டிலில் மிஞ்சுவதைத் துளசி மாடத்தில் சேர்த்துவிடுவது வழக்கம். அடி வாங்கியதற்கு மறுநாள் வைஜயந்தி மூன்று தடவை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் குடுங்கோப்பா."

கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள்.

"மிச்சத்தைத் துளசிக்குத்தானே விடப்போறேள்? அதையும் எனக்கே குடுங்கோ."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நேற்று அடித்த கை. அந்தக் கையாலேயே வட்டிலோடு எடுத்து அவள் வாயில் சாய்த்தேன். குடித்துவிட்டு அவள் சிரித்தாள். எனக்கும் அவளுக்கும் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"பார்த்தியா, உன் பொண்ணுக்குப் பக்தி வந்துடுத்து" என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். அரவிந்தவல்லியும் சிரித்தாள். வெள்ளம் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாளும் வட்டில். அதற்கு அடுத்த நாளும். அவளுக்காக வட்டில் நிறைய ஜலம் விட ஆரம்பித்தேன்.

வட்டிலோடு கொடுக்க ஆரம்பித்த நான்காம் நாள் விடியும்போது அவள் கொல்லைக்கு ஓடினாள். இரண்டாம் தடவை ஓட முடியவில்லை. நான் பார்த்தேன், அரிசி களைந்த நீர் மாதிரி. அதைப் பார்த்து இன்னது என்று சொல்ல எனக்கு டாக்டர் வேண்டியதில்லை. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் பத்து மணிக்கு வந்தார். தெருவெல்லாம் சேறு, ஆற்றுக்கு அந்தண்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி எதுவும் வர மறுத்தது. வந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை என்று அவர் வாசலில் என் தோளைத் தொட்டுச் சொன்னார். உப்புப் போட்ட வெந்நீரைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அதுவும் வெளியே வந்துகொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் கண் குழி விழுந்து, விரல்கள் தண்ணீரில் ஊறினதுபோல் சுருங்கிவிட்டன. ஏழு வயதில் போன பிள்ளைக்கும் இப்படித்தான் சுருங்கின.

"இந்தத் தண்ணி வேண்டாம்ப்பா" என்றாள். குரல் கம்மிப்போய்க் காற்று மட்டும் வந்தது. "தீர்த்தம் குடுங்கோ."

கொடுத்தேன். திருக்காவேரியிலிருந்து வட்டிலில் சாய்த்து, துளசி கிள்ளிப் போட்டு, தலையை நிமிர்த்திக் கொடுத்தேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. போகிற உயிருக்குப் பெருமாள் தீர்த்தம் கொடுக்கக் கிடைத்ததே என்றுதான் இருந்தது. நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

தீட்டு வந்துவிட்டதால் எங்கள் பெருமாளைக் கோயிலாழ்வாரோடு சக்ரபாணி வந்து தம் வீட்டுக்கு எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போனார். பூஜைப் பாத்திரங்கள் காலியாகிக் கிணற்றடிக் கல்லில் கவிழ்ந்து கிடந்தன. மூன்றாம் நாள் அற்புதசாமி கொல்லைப் பக்கமாகச் சுண்ணாம்பு போட வந்தார். வாந்திபேதி கண்ட வீட்டுக்குப் போட வேண்டும். அதுவும் என் உத்தரவுதான். நான் மரத்தடியில் ஆபீஸ் அச்சுப் பாரத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன். எந்த வீட்டில் கேஸ் என்றாலும் இன்ஸ்பெக்டர் பாரம் எழுத வேண்டும். நோயாளி பெயர், வயது. குடிதண்ணீர் எங்கிருந்து. சொந்தக் கிணறு, மருந்து போடப்பட்டது, காய்ச்சப்பட்டது என்று எழுதினேன். வேறு தண்ணீர் உண்டா என்று அடுத்த கேள்வி. இல்லை என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

அற்புதசாமி கூடையை வைத்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்த திருக்காவேரிச் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பார்க்கறேள்?" என்றேன். என்னையறியாமல் மரியாதையாக வந்தது.

"ஒண்ணுமில்லீங்க சாமி" என்றார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உடனே குனிந்து சுண்ணாம்பை வார ஆரம்பித்தார்.

இது குடிக்கிறதுக்கு இல்லை, பெருமாளுக்கு. படித்துறையில் நான் சொன்னது எனக்கே திரும்பக் கேட்டது. ஊரில் இருக்கிற கிணறு, குட்டை, பானை, கூஜா எல்லாவற்றிலும் இருப்பது தண்ணீர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தீர்த்தம் தண்ணீர் என்று தோன்றவே இல்லை. ஒரு தடவைகூட. அது தண்ணீர் என்று தெரிந்திருந்தது அவள் ஒருத்திக்குத்தான்; தாகத்துக்குக் கேட்டாள். நான் பக்தி என்று நினைத்தேன்.

பாரத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதற்குள் சந்து முழுக்க வேறு பேச்சு பரவியிருந்தது. இன்ஸ்பெக்டர் வீட்டுக் கிணற்றில்தான் முதலில் அந்த மருந்தைக் கொட்டினார்கள். ஒரு வாரத்தில் அவர் பெண்ணே போய்விட்டது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? இரண்டு வீட்டில் கிணற்றை மறுபடி இறைத்துக் கொட்டினார்கள். சக்ரபாணி கொல்லைக் கதவைத் தாழிட்டு அற்புதசாமியைத் திருப்பி அனுப்பினார். இதை ஆரம்பித்தது என் மனைவி. துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அரவிந்தவல்லி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கத்திரிப்பூ ஜலம்தான் என் குழந்தையைக் கொண்டுபோச்சு."

அவள் அந்தக் கிணற்றில் வாளி விடுவதையே நிறுத்திவிட்டாள். தாகத்துக்கு எதிர் வீட்டார் கொடுக்கும் மோர் மட்டும். மருந்தின் மேல் பழி இருக்கிறவரைக்கும் என் கைமேல் பழி இல்லை. இப்படியே போய்விடட்டும் என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்கு மறுநாள் காலை சக்ரபாணி வீட்டு வாசலைக் கடந்து போனேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் எங்கள் கோயிலாழ்வார். அவர் ஆராதனம் முடித்து வட்டிலோடு நின்றார். எதிரில் அவர் குழந்தைகள் மூன்றும் வலக்கையைக் குழித்து நீட்டிக்கொண்டு வரிசையாக. கடைசிக் குழந்தைக்கு நாலு வயது. மூலையில் ஆற்று மணல் ஒட்டிய குடம்.

தீட்டுக்காரன் உள்ளே போகக் கூடாது. தெருவில் நின்றபடியே கத்தினேன்.

"சக்ரபாணி, அதைக் கொடுக்காதீர். அது காவேரித் தண்ணீர்."

அவர் திரும்பிப் பார்த்தார். "பெருமாள் தீர்த்தம், ஸ்வாமி."

"தெரியும். நானும் அதைத்தான் கொடுத்தேன். வட்டில் வட்டிலாகக் கொடுத்தேன். கிணத்து மருந்து ஒண்ணும் பண்ணலே. அதுதான் என் குழந்தையைக் கொண்டுபோச்சு."

தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சக்ரபாணியின் முகத்தில் கோபம் வந்து, அது பரிதாபமாக மாறியதைப் பார்த்தேன். கோபமாகவே இருந்திருந்தால் தேவலை.

"துக்கம் உம்மைப் பேச வைக்கறது" என்றார் மெதுவாக. "அந்தத் தீர்த்தத்தை நீரும்தானே சாப்பிட்டீர்? உங்காத்து மாமியும்தானே? நீங்க ரெண்டு பேரும் இருக்கேளே. அபசாரமாப் பேசாதேயும், போய்ப் படும்."

பதில் இருந்தது. நாங்கள் வாங்கியது மூன்று துளி, அவள் குடித்தது வட்டில் நிறைய. அதைச் சொல்ல வாய் திறந்தபோதுதான் என் பின்னால் அரவிந்தவல்லி நிற்பது தெரிந்தது. என் குரல் கேட்டு வாசலுக்கு வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"வட்டிலோட குடுத்தேளே, அதுவா?" என்றாள்.

"அதுதான்."

"கடைசியாக் கேட்டாளே, அப்பவும் அதுவேவா?"

தலையை ஆட்டினேன்.

அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். கூடத்தைத் தாண்டிக் கொல்லைக்குப் போய், ஐந்தாறு நாளாகத் தொடாத கிணற்றில் வாளியை விட்டாள். இழுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்து, செம்பில் மொண்டு, நின்றபடி அண்ணாந்து குடித்தாள். காய்ச்சவில்லை, வடிகட்டவில்லை. ஒரு செம்பு முழுக்க. மறுபடி மொண்டு இன்னொரு செம்பு. கழுத்தில் வழிந்து ரவிக்கை நனைந்தது. நான் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். தடுக்க எனக்கு யோக்கியதை ஏது? குடித்து முடித்துச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிணறு சுத்தமாகத்தான் இருந்தது.

சக்ரபாணி வீட்டில் மறுநாளும் காவேரி ஜலம்தான். அவர் குழந்தைகளுக்கு எதுவும் நேரவில்லை. அதனால் நான் சொன்னது உளறல் என்று ஆகிவிட்டது. வேறு சந்துகளில் நேர்ந்தது. பதினோரு பாரம் எழுதினேன். ஒவ்வொரு வீட்டிலும், வேறு தண்ணீர் உண்டா என்று கேட்டபோது, இல்லை என்றார்கள். ஆராதனத்துக்கு ஜலம் எங்கிருந்து என்று அடுத்தபடி கேட்பேன். ஆற்றிலிருந்துதான், அதற்கென்ன என்பார்கள். பத்தாவதாக ஒரு விதியைக் கடுதாசியில் எழுதினேன். பல தடவை எழுதினேன். ஆபீசில் கொடுக்கப் போகும்போதெல்லாம் சக்ரபாணியின் அந்தப் பரிதாப முகம் நினைவுக்கு வந்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவேன். நோட்டீஸில் இன்றைக்கும் ஒன்பது விதிதான் இருக்கிறது.

தீட்டுக் கழிந்து பெருமாள் வீட்டுக்கு வந்தார். கிணற்று ஜலத்தைக் காய்ச்சி ஆறவைத்துத் திருக்காவேரியில் விட்டேன். ஆராதனம் முடிந்து வட்டிலோடு திரும்பினேன். அரவிந்தவல்லி வழக்கமான இடத்தில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். கரண்டியில் எடுத்தேன். அவள் கை நீட்டவில்லை.

"காய்ச்சின ஜலம்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

இருபது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் தினம் வருகிறாள், சேவிக்கிறாள், கைகூப்பியபடியே நிற்கிறாள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்க்கிறேன். பிறகு வட்டிலோடு கொல்லைக்குப் போய்த் துளசி மாடத்தில் ஊற்றிவிடுகிறேன்.